விவரம் என்ற கட்டம்

அந்த அக்காவை மாப்பிள்ளை பார்க்கத் துணைக்குக் கூப்பிட்டுப் போனவர்கள் யாரும் இரண்டாவது தடவை கூப்பிட்டதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காகப் பெரியகுளம் வரை போய்விட்டு வந்தபோது, பையன் எப்படி என்று வாசலிலேயே கேட்டிருக்கிறார்கள். "சட்டை நல்லா இருந்துச்சு. இஸ்திரி போட்டிருந்தாக" என்றாராம். பையன் உயரமா குட்டையா என்றதற்கு, "ஒக்காந்தே இருந்தாரு. நின்னா எப்படின்னு தெரியல" என்றிருக்கிறார். அவர் குறை சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார். பார்க்காததைச் சொல்ல அவருக்கு வராது. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கு ரசம் இல்ல தாயி, புளித்தண்ணிதான்" என்று தன் கையால் வைத்ததையே அப்படித்தான் சொல்வார்.

அவரோடு நான் பழகியது போடியில், ஒரு பழைய நூலகத்தின் மாடி அறையில், பதினான்கு மாதம். அந்த நூலகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். நாங்கள் சார் என்போம். ஊரிலும் மலையிலும் வீட்டுப் பெட்டிகளுக்குள் கிடந்த பழைய புகைப்படங்களை இரவல் வாங்கி, ஸ்கேன் செய்து, வெளியூர் நிறுவனம் ஒன்று நடத்தும் டிஜிட்டல் களஞ்சியத்தில் ஏற்றுவது அவருடைய திட்டம். நூலக அறிவியல் படித்துவிட்டுக் கல்யாணமாகி போடிக்கு வந்திருந்த என்னை அதற்குப் பொறுப்பாகப் போட்டார்.

ஸ்கேன் செய்வது சுலபம். ஆனால் படத்தை மட்டும் அனுப்பினால் களஞ்சியம் வாங்கிக்கொள்ளாது. கூடவே ஓர் எக்செல் தாள் போக வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு வரிசை. கோப்பின் பெயர், தலைப்பு, எடுத்தவர், தேதி, இடம், விவரம், உரிமை என்று வரிசைக்கு ஏழு கட்டங்கள். இதற்கு மெட்டாடேட்டா என்று பெயர். அக்கா மேட்டா என்பார்.

அவர் அதற்கு முன்பு பதினெட்டு வருடம் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கியவர். மலையிலிருந்து வரும் காயைத் தரையில் கொட்டி, வெளுத்தது, வெடித்தது, சிறுத்தது என்று பிரித்துப் போடும் வேலை. முதுகுவலி வந்து, இனித் தரையில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்த் தமிழ் தட்டச்சு கற்றுக்கொண்டு எங்களிடம் வந்தார். ஏன் இந்த வேலைக்கு வர விரும்புகிறீர்கள் என்று சார் கேட்டார். "நாற்காலி இருக்குன்னு சொன்னாக" என்றார். சார் அதை ரசித்தார். அடுத்த வாரமே ரசிப்பதை நிறுத்திவிட்டார்.

முதல் நாள் நான் கொடுத்த படம் ஒரு கிடங்குத் திறப்பு விழா. கோட்டுப் போட்ட ஒருவர் ரிப்பன் வெட்டுகிறார், பக்கத்தில் இரண்டு பேர், பின்னால் நாற்காலிகளில் கூட்டம். விவரம் என்ற கட்டத்தில் படத்தில் இருப்பதை இரண்டு வரியில் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு நான் கீழே போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் எழுதியிருந்தது: "மூன்று ஆண்கள் நிற்கிறார்கள். நடுவில் இருப்பவர் ரிப்பன் வெட்டுகிறார். கத்தரிக்கோல் வெட்டவில்லை."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உண்மைதான். ரிப்பன் கத்தரிக்கோலுக்குள் மடிந்து கிடந்தது. கோட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

சார் அந்த வரியை நீக்கச் சொல்லி, பதிலுக்கு ஒரு வாக்கியம் சொன்னார். "விழா சீரும் சிறப்புமாக நடைபெற்றபோது எடுத்த படம்." அக்கா 'சீரும்' வரை தட்டிவிட்டு நிறுத்தினார். "சிறப்பு எங்க சார் இருக்கு? முன்வரிசையில ரெண்டு பேரு தூங்குறாக."

சார் குனிந்து பார்த்தார். தூங்கினார்கள்.

எனக்கும் ஆரம்பத்தில் எரிச்சல்தான். ஒரு நாளைக்கு இருபது வரிசை முடிக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு. அவர் ஏழு முடிப்பார். ஒரு படத்தை மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகுதான் விரல் விசைப்பலகைக்குப் போகும். கொஞ்சம் வெரசா போடுங்கக்கா என்றால், "பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்" என்பார்.

அந்த எரிச்சல் எனக்குப் போனது ஒரு கல்யாணத்தால். முப்பத்துநான்கு படங்கள் கொண்ட கல்யாண ஆல்பம் ஒன்றை நானே உட்கார்ந்து முடித்தேன். ஒரே கல்யாணம்தானே என்று முதல் கட்டத்தில் வருடத்தைப் போட்டு, மூலையைப் பிடித்து இழுத்து மற்ற கட்டங்களை நிரப்பிவிட்டேன். ஒரே நாளில் முப்பத்துநான்கு வரிசை முடித்த பெருமையோடு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் அக்கா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாயி, இந்தப் பொண்ணு முப்பத்துநாலு வருசமா மணையில உக்காந்திருக்கு" என்றார். "ஐயரும் எந்திரிக்கல."

நான் இழுத்தபோது எக்செல் கட்டத்துக்குக் கட்டம் ஒரு வருடம் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. தாலி கட்டியதற்கும் சாப்பாட்டுப் பந்திக்கும் நடுவில் இருபது வருடம். அதன் பிறகு நான் முடித்த வரிசைகளையெல்லாம் அக்கா ஒருமுறை பார்த்த பிறகுதான் அனுப்பினேன்.

அவருடைய கண்ணுக்கும் தப்பியது ஒன்றே ஒன்றுதான். ஒருமுறை களஞ்சியம் எங்கள் தாளை வாங்க மறுத்தது. பதினேழாம் வரிசையில் பிழை என்று மட்டும் சொன்னது. இரண்டு நாள் தேடினோம். கோப்பின் பெயருக்குப் பின்னால் யாரோ தெரியாமல் ஒரு இடைவெளியைத் தட்டியிருந்தார்கள். கண்டுபிடித்துக் காட்டியபோது அக்கா நெடுநேரம் அந்த வெறும் இடத்தைப் பார்த்தார். "காய்க்குள்ள புழு இருந்தாக்கூட வெளிய ஒரு ஓட்டை தெரியும். இதுல அதுவும் இல்லையே" என்றார். அன்று மதியம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

இனி ஒரு கம்பளியின் விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு வந்ததிலேயே பெரிய தொகுப்பு ஓர் எஸ்டேட் குடும்பத்துடையது. குரங்கணிக்கு மேலே மலையில் அவர்களுக்கு ஏலமும் காப்பியும் இருந்தன. எஸ்டேட் முதலாளியின் பேரன் போடியில் இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நான்கு ஆல்பங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். வருட முடிவுக்குள் ஐநூறு படம் ஏற்றினால்தான் திட்டம் இன்னொரு வருடம் நீளும், எங்களுக்கும் வேலை நீளும். இந்த நான்கு ஆல்பங்கள் இல்லாமல் ஐநூறு வராது. ஆனால் அவற்றை ஏற்ற வேண்டுமானால், விவரங்களைப் படித்துப் பார்த்துப் பேரன் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

மூன்றாவது ஆல்பத்தில் பதினொரு படங்கள் ஒன்றாக இருந்தன. தாத்தா தொப்பி வைத்துக்கொண்டு நிற்கிறார். ஒவ்வொரு படத்திலும் ஒரு தொழிலாளிப் பெண்ணுக்குக் கம்பளி கொடுக்கிறார். ஆல்பத்தின் அட்டையில் பேரனின் அப்பா எழுதி வைத்திருந்தார்: தொழிலாளர்களுக்குக் கம்பளி வழங்கும் விழா. இதில் ஒரு சிக்கலும் இருக்காது என்று நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

அக்கா அந்தப் பதினொரு படங்களை இரண்டு நாள் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு முதல் படத்தில் கம்பளியின் ஓரத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. இரண்டாவது படத்திலும் அதே ஓரத்தில் அதே துளை. மூன்றாவதிலும். பதினொன்றிலும்.

"ஒரே கம்பளி தாயி" என்றார்.

விவரம் என்ற கட்டத்தில் அதை எழுதியும் விட்டார். "பதினொரு பெண்கள் ஒரே கம்பளியை வாங்குகிறார்கள்." வாங்கிய பிறகு நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தாத்தாவைப் பற்றியும் இல்லை.

நான் அதை மாற்றியிருக்க வேண்டும். சிரித்துவிட்டு, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டேன். சார் படிக்காமலே தாளைப் பேரனுக்கு அனுப்பிவிட்டார்.

மறுநாள் பத்து மணிக்குப் போன் வந்தது. சார் போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு பேசினார். என் தாத்தாவைத் திருடன் என்று எழுதியிருக்கிறீர்கள், திங்கட்கிழமை வந்து நான்கு ஆல்பங்களையும் எடுத்துக்கொண்டு போகிறேன் என்று பேரன் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

சார் அக்காவிடம் கெஞ்சாத குறையாகப் பேசினார். 'வழங்குகிறார்' என்று ஒரே ஒரு சொல் போதும் என்றார். அக்கா நிதானமாகச் சொன்னார்: "வழங்குறாருன்னா பதினொண்ணு வேணும் சார்."

மீதிப் பத்தும் படத்துக்கு வெளியே அடுக்கி வைத்திருக்கலாமே என்றார் சார்.

"இருக்கலாம். அதனாலதான் குடுக்கலைன்னு நான் எழுதல."

சார் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அக்கா வேலையை விட்டுப் போகச் சொன்னாலும் போயிருப்பார். ஆனால் அந்தச் சொல்லைத் தட்டியிருக்க மாட்டார். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நானே தட்டிவிடலாம், ஒரு நிமிட வேலை. ஏனோ அவர் பக்கத்து நாற்காலியில் இருக்கும்போது என் விரல் போகவில்லை.

சாயங்காலம் கிளம்பும்போது அக்கா, ஞாயிற்றுக்கிழமை குரங்கணிக்குப் போய் அந்தப் பெண்களில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு வருகிறேன் என்றார். நானும் வருகிறேன் என்றேன். யாராவது ஒரு பாட்டி, ஆமாம் கொடுத்தார் என்று வாயால் சொல்லிவிட்டால் அக்கா எழுதிவிடுவார், ஆல்பம் தப்பிக்கும் என்பது என் எண்ணம்.

காலை பஸ்ஸில் போய் இறங்கினோம். மலைக்கு நடக்க வந்த வெளியூர்ப் பையன்கள் டீக்கடையை நிறைத்திருந்தார்கள். அக்கா பெரிதாக அச்சடித்து எடுத்து வந்திருந்த படங்களை டீ கிளாஸ்களுக்கு நடுவில் பரப்பினார். நாலைந்து பேர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். ஒரு ஜீப் டிரைவர் மட்டும் பதினோராவது படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். தன் பெரியம்மா என்றார். இப்போது எஸ்டேட்டை விட்டு இறங்கி மகனோடு இங்கேயே இருப்பதாகச் சொல்லி வீட்டைக் காட்டினார்.

அந்த அம்மாள் வாசலில் காப்பிக்கொட்டையைக் காயப்போட்டுவிட்டுக் கோழி விரட்டிக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியவர், படத்தில் இருந்த அதே மூக்குத்தி. அக்கா படத்தைக் கொடுத்தார். அவர் தாத்தாவையும் பார்க்கவில்லை, தன் முகத்தையும் பார்க்கவில்லை.

"இது என் கம்பளியில்ல?" என்றார்.

அக்கா அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். டாக்டர் சொன்னது அப்போது அவருக்கு நினைவில்லை. "மொதலாளி குடுத்ததா ஆத்தா?"

"அவரு எங்க குடுத்தாரு? போடிச் சந்தையில நான் வாங்குனது. என் தோள்ல கெடந்துச்சு. கங்காணி ஓடியாந்து, கம்பளி லோடு வரல, போட்டோக்காரரு கெளம்புறாரு, கொஞ்சம் குடு ஆத்தான்னு வாங்கிட்டுப் போனான். ஒருத்தி வாங்குவா, போட்டோ எடுப்பாக, திரும்பப் புடுங்கி அடுத்தவகிட்ட குடுப்பாக. கடைசியில நான் போயி நின்னேன். என் கம்பளிய எனக்கே குடுத்தாரு. நானும் கும்பிட்டு வாங்கிக்கிட்டேன்."

துளையைப் பற்றிக் கேட்டோம். அடுப்புப் பொறி பட்டது என்றார். அது நடந்த அன்றைக்கு மாமியாரிடம் வாங்கிய திட்டையும் சொன்னார்.

என் எண்ணமெல்லாம் மண்ணாகிவிட்டது. இதை எழுதினால் பேரன் ஆல்பத்தோடு எங்களையும் தூக்கிக்கொண்டு போவார் என்று நினைத்தபடி எழுந்தேன். அக்கா எழவில்லை.

"அப்ப எஸ்டேட்டு கம்பளி கடைசி வரைக்கும் வரவே இல்லையா ஆத்தா?"

"வந்துச்சே" என்றார் அந்த அம்மாள், இதைக் கேட்க வேண்டுமா என்பதுபோல. "ரெண்டு மாசங் கழிச்சு வந்துச்சு. லயத்துல ஒரு வீடு விடாமக் குடுத்தாரு. நல்ல கெட்டிக் கம்பளி. பொய் சொல்லக் கூடாதுல்ல."

அக்கா அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். சொன்னதை எழுதலாமா, படத்தை எல்லோரும் பார்க்கும்படி போடலாமா என்று கேட்டுச் சம்மதம் வாங்கினார். மகனுடைய போன் நம்பரையும் வாங்கிக்கொண்டார். அந்த அம்மாள் எங்களுக்குக் கடுங்காப்பி கொடுத்து அனுப்பினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் துள்ளிக்கொண்டிருந்தேன். கொடுத்தார் என்றே சாட்சி இருக்கிறது, 'வழங்குகிறார்' என்று எழுதிவிடலாமே என்றேன். அக்கா மடியில் இருந்த படங்களை முந்தல் வரை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "இந்தப் படத்துல குடுக்கலையே தாயி. அப்புறமாத்தான குடுத்திருக்காரு" என்றார்.

திங்கட்கிழமை பேரன் வந்தார். கையில் ஆல்பங்களை எடுத்துப்போக ஒரு பெரிய கட்டைப்பை. சார் நாற்காலி போட்டார், அவர் உட்காரவில்லை. அக்கா தன் திரையை அவர் பக்கம் திருப்பினார். புதிதாக எழுதியிருந்தது இதுதான்:

"எஸ்டேட் முதலாளி ஒரு பெண்ணிடம் கம்பளியைக் கொடுக்கிறார். பதினொரு படங்களிலும் அதே கம்பளி. ஓரத்தில் அடுப்புப் பொறி பட்ட துளை உள்ளது. இது படம் எடுப்பதற்காக இரவல் வாங்கியது. முதலாளியின் கம்பளிகள் இரண்டு மாதம் கழித்து வந்தன. ஒரு வீடு விடாமல் கொடுத்தார். நல்ல கெட்டிக் கம்பளி. சொன்னவர் பதினோராவது படத்தில் இருப்பவர்."

உரிமை என்ற கட்டத்தில், "படம்: எஸ்டேட் குடும்பம்" என்று போட்டு, ஒரு அரைப்புள்ளி வைத்து, "கம்பளி: பதினோராவது படத்தில் இருப்பவர்" என்று போட்டிருந்தார். உரிமை என்றால் படத்தின் உரிமை மட்டும்தான், படத்துக்குள் இருக்கும் சாமானின் உரிமை அல்ல என்று காலையிலேயே அவரிடம் விளக்கியிருந்தேன். "யாரோடதுன்னுதான கேக்குது?" என்று கேட்டுவிட்டு அதை அப்படியே விட்டுவிட்டார்.

பேரன் மூன்று முறை படித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கள் யாரையும் பார்க்காமல், தாத்தா மகாக் கஞ்சன் என்று தன் அத்தைகள் இன்றைக்கும் விசேஷ வீடுகளில் சொல்லிச் சிரிப்பார்கள் என்றும், அவர் யாருக்காவது எதையாவது கொடுத்தார் என்று காட்ட வீட்டில் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது, இந்தப் படம்தான் இருக்கிறது என்றும் சொன்னார். 'நல்ல கெட்டிக் கம்பளி' என்ற வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். திரையில் ரேகை விழுந்தது.

"எல்லாம் சரி. 'இரண்டு மாதம் கழித்து'ங்கிறத மட்டும் 'பிறகு'ன்னு போட்டுக்கலாமா?" என்று கேட்டார்.

சார் உடனே, தாராளமாக, என்றார். அக்கா, சொன்னவரைக் கேட்க வேண்டும் என்றார். நாங்கள் தடுப்பதற்குள் குரங்கணிக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்துவிட்டார். மகன் எடுத்துத் தாயிடம் கொடுத்தான். அக்கா சங்கதியைச் சொன்னார்.

"ரெண்டு மாசமா சொன்னேன்?" என்றது அந்தக் குரல். நடுவில் ஒரு கோழியை விரட்டினார். "சித்திரையில போட்டோ எடுத்தாக. கம்பளி வந்தது ஆடிச் சாரல்ல. மூணு மாசம். மூணுன்னு போட்டுக்க தாயி."

அக்கா 'இரண்டு' என்பதை அழித்துவிட்டு 'மூன்று' என்று தட்டினார்.

பேரன் சட்டென்று சாரிடம் பேனா கேட்டார். இன்னும் யாருக்காவது போன் போய் அது நாலாகிவிடுவதற்கு முன், நான்கு ஆல்பங்களுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு காலிப் பையை மடித்து இடுக்கிக்கொண்டு, அந்த அம்மாளின் வீடு குரங்கணியில் எங்கே இருக்கிறது என்று அக்காவிடம் வழி கேட்டுக்கொண்டு போனார். அவர் போனாரா என்பது எனக்குத் தெரியாது.

அந்த வாரமே தாளை ஏற்றினோம். ஒரு வரிசையிலும் பிழை இல்லை என்று களஞ்சியம் சொன்னது. உரிமைக் கட்டத்தில் இருந்த கம்பளியைப் பற்றி அது ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் அப்படியே இருக்கிறது. திட்டம் நீண்டது.

அக்கா அதில் இரண்டு மாதம்தான் இருந்தார். மகளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்து, அவரும் உடன் போவதாக முடிவானது. அங்கே ஏதாவது அலுவலகத்தில் சேர உதவும் என்று நான் ஓர் அனுபவச் சான்றிதழ் தயார் செய்தேன். சார் கையெழுத்துப் போடுவதற்கு முன் அக்கா படித்துப் பார்க்கிறேன் என்றார். அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

'எப்போதும் நேரத்திற்கு வருவார்' என்ற இடத்தில் பேனாவை வைத்தார். மழைக்கு நான்கு நாள் தாமதம் என்று சொல்லி, 'பெரும்பாலும்' என்று திருத்தினார். 'தமிழிலும் ஆங்கிலத்திலும் வேகமாகத் தட்டச்சு செய்வார்' என்பதில் ஆங்கிலத்தை அடித்தார். 'இவருடைய இடத்தை வேறு யாராலும் நிரப்ப முடியாது' என்று நான் உருகி எழுதியிருந்ததைப் பார்த்து, "திங்கக்கிழமை ஆளு வருதுல்ல?" என்று கேட்டு முழு வரியையும் அடித்தார். சான்றிதழ் பாதியாகிவிட்டது. சார் தலையைப் பிடித்துக்கொண்டார்.

கடைசி வரி மிச்சம் இருந்தது. 'உடன் பணியாற்றியவருக்கு இவர்மேல் மிகுந்த பிரியம் உண்டு.'

அக்கா அதைப் படித்துவிட்டுப் பேனாவை எடுத்தார். எழுதவில்லை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பி, படங்களைப் பார்ப்பதுபோலவே என் முகத்தை மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை பார்த்தார். நான் அழுதுவிடக் கூடாது என்று காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் பார்வை என் தாடையில் சிறிது நேரம் நின்றது.

"இது இருக்கட்டும்" என்று சொல்லிச் சாரிடம் தாளை நீட்டினார்.